கூடைக் கயிறு எங்கே? மாணவனின் டிஜிட்டல் கொலாஜுக்குக் கருத்துச் சொல்வது எப்படி

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சித்திரம் கற்பிக்கிறேன். உயர்தர மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியிலேயே கொலாஜ், அதாவது பல படங்களின் துண்டுகளை வெட்டி ஒட்டிய படம், செய்து அனுப்பியிருக்கிறான். கீழே தேயிலை மலை. நடுவில், வெள்ளைக்காரர் காலத்துப் பழைய போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த கொழுந்து பறிக்கும் பெண். அவள் முகத்தின் இடத்தில் அவனுடைய அப்பாயியின் முகம். வானம் முழுவதும் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கூரைத் தகரம். ஓரத்தில் அப்பாயியின் அடையாள அட்டை. "எப்படி இருக்கிறது டீச்சர்?" என்று கேட்கிறான். கண்காட்சி ஒன்றுக்கும் அனுப்பப் போகிறானாம். தூரிகையும் வர்ணமும் மட்டுமே தெரிந்த நான் என்ன சொல்வது?

பதில்: "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் உங்களிடம் எதிர்பார்ப்பது பாராட்டை அல்ல, ஒருவர் தன் படத்தை உற்றுப் பார்த்தார் என்பதற்கான அத்தாட்சியை. "இதில் உன் கைவேலை எங்கே?" என்றும் கேட்க வேண்டாம். ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912இல் ஓவியத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கிய நாளிலிருந்தே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற ஓவியர் சஞ்சிகைப் படங்களை வெட்டி, தன் நாட்டு அரசியலையே கலைத்து அடுக்கிக் காட்டினார். எதை எடுப்பது, எதன் பக்கத்தில் வைப்பது, எங்கே வெட்டுவது என்ற மூன்று முடிவுகளில்தான் இந்தக் கலை இருக்கிறது. அவற்றை எடைபோட உங்கள் பயிற்சி தாராளமாகப் போதும்.

முதலில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். என் கண்ணுக்கு இந்தப் படத்தின் உயிர் அந்தத் தகர வானம். தகரத்தின் நெளிவுக் கோடுகள் மேலிருந்து செங்குத்தாக இறங்கி, மலையின் கிடையான தேயிலை வரிசைகளில் வந்து முட்டுகின்றன. அந்தப் பெண் வெளியில் நிற்கிறாள், ஆனாலும் லயத்துக் காம்பராவுக்குள் (அறைக்குள்) அடைபட்டவளாகத் தெரிகிறாள். இதை அவன் நினைத்துச் செய்தானோ, கைபோன போக்கில் அமைந்ததோ, வாயால் எடுத்துச் சொல்லுங்கள். தனக்கு எது கைகூடியது என்று தெரிந்தால்தான் அடுத்த படத்தில் அதை வேண்டுமென்றே செய்வான்.

அடுத்தது, படத்தின் பெரிய குறை. பெண்ணின் முதுகில் கூடை இருக்கிறது. அதைத் தலையோடு பிணைக்கும் கயிறு இல்லை. பின்புலத்தைத் தானாக நீக்கும் செயலிகள் மெல்லிய கோடுகளையும் தலைமுடியையும் பின்புலம் என்று எண்ணி அழித்துவிடும். இங்கே நடந்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற எந்த ஊரிலும் இது சின்னப் பிழை. நம் மலையில் அப்படியல்ல. கொழுந்தின் பாரம் முழுவதையும் தலையும் கழுத்தும் தாங்கும் இடம் அந்தக் கயிறு. அது போனால் கூடை வெறும் அலங்காரம். பெண் உல்லாசப் பிரயாண விளம்பரத்தில் புன்னகைக்கும் உருவமாகிவிடுகிறாள். அப்பாயியின் முகத்தை அங்கே வைத்தவன் அதை விரும்பியிருக்க மாட்டான். தானாக வெட்டுவதை விட்டுவிட்டு, செயலியில் படத்தின் அடுக்குக்கு (லேயருக்கு) மேல் மாஸ்க் என்ற மறைப்பைப் போட்டு, திரையைப் பெரிதாக்கி, அந்த ஓரத்தைக் கையாலேயே வரையச் சொல்லுங்கள். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை, மறைக்க மட்டும் செய்கிறது. கை தவறினால் கயிற்றை மீட்டுக்கொள்ளலாம்.

முகத்தில் ஒளி வலப்பக்கமிருந்து விழுகிறது, உடலில் இடப்பக்கமிருந்து. இரண்டும் பொருந்தியே தீர வேண்டும் என்பதில்லை. ஒட்டு தெரிவதும் கொலாஜில் ஒரு பேச்சுத்தான். ஆனால் "தெரியட்டும் என்று விட்டாயா?" என்று கேளுங்கள். விடை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய போட்டோ எங்கே கிடைத்தது என்று கட்டாயம் விசாரியுங்கள். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாகப் படைத்தவரின் ஆயுட்காலமும் இறந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறந்து, உங்களுக்குப் பக்கத்தில் பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த படம் என்றால் சட்டச் சிக்கல் இல்லை. பேஸ்புக்கில் யாரோ போட்ட படம் என்றால் எடுத்தவரைத் தேடிக் கேட்க வேண்டும். சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலப் படங்களில் எடுத்தவர் பெயர் நிற்கிறது, நிற்கும் தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் இல்லை. பெயரில்லாத உடலில் பெயருள்ள அப்பாயியைப் பொருத்தியது நல்ல துணிச்சல்; அதற்கு விலையாக ஒரு பெண்ணின் முகம் இரண்டாவது முறை மறைகிறது. இதை அவனோடு பேசுங்கள். அந்த முகத்தின் ஒரு கீற்றையாவது விட்டுவைக்க அவனுக்கே தோன்றலாம்.

அடையாள அட்டையை எடுக்கச் சொல்லாதீர்கள். 1948இல் குடியுரிமை பறிபோய், அதைத் திரும்பப் பெறப் பல பத்தாண்டுகள் காத்திருந்த சமூகத்தில் அது வெறும் அட்டை அல்ல. ஆனால் இலக்கத்தை மறைக்க வேண்டும்: பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் அந்த இலக்கத்திலேயே இருக்கின்றன. மங்கலாக்கினால் போதாது, அதன்மேல் தேயிலை இலையையோ தகரத் துண்டையோ வைத்து மூடட்டும், அதுவும் கொலாஜின் ஒரு பகுதியாகிவிடும்.

கண்காட்சிக்கு அச்சிடுவதென்றால் அளவு முக்கியம். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். அந்த அளவில் கோப்பைத் திறந்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். சிறியதைப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் குழம்பிப் போகும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பட்டும். வீட்டுப் போட்டோக்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் ஸ்கேன் செய்வது நல்லது. ஸ்கேனர் இல்லாவிட்டால், பனிமூட்டம் உள்ள பகலில் ஜன்னலோரம் படத்தைக் கிடத்தி, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுக்கலாம். லேயர்கள் கலையாத கோப்பைத் தனியாகச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

அனுப்புவதற்கு முன் அவன் அந்தப் படத்தை அப்பாயியிடம் காட்டட்டும். தன் முகமும் அட்டையும் ஊரார் முன் போவதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். கயிறு நெற்றியில் எந்த இடத்தில் அழுந்தும் என்பதையும் அவரிடமே கேட்டு வரையலாம்.