சுருட்டுப் பெட்டியின் தங்க எழுத்துகள்

அன்பின் ஐயா,

என் மச்சான் தோகாவிலிருந்து வரும்போது விமான நிலையக் கடையில் பத்துச் சுருட்டு உள்ள பெட்டி ஒன்று வாங்கிவந்தார். நம் காசுக்கு 52,000 ரூபாய். பெட்டி முழுக்கத் தங்க எழுத்து: ‘கியூபா விதை’, ‘ட்ரிப்பிள் மதுரோ’, ‘2014 விண்டேஜ்’, ‘93 புள்ளி’, ‘60 ரிங்’, ‘வரையறுத்த வெளியீடு 417/5000’. பற்றவைத்த முதல் சுருட்டே கசந்தது, ஒரு பக்கமாக எரிந்தது. மீதியை அலுமாரியில் வைத்தோம். மாரி முடிந்து எடுத்தால் இரண்டில் ஊசி குத்தியது போல் துளை, மற்றவற்றில் வெள்ளைப் படலம். கடைக்கு எழுதினோம். ‘அது பூஞ்சணம் அல்ல, புளூம், நன்றாக முதிர்ந்த சுருட்டின் அடையாளம்’ என்று பதில் வந்தது. இந்தச் சொற்களில் எதைத்தான் நம்புவது?

ஒரு வாசகர், கல்முனை

அன்பின் நண்பருக்கு,

வெள்ளைப் படலத்திலிருந்து தொடங்குகிறேன். மீதிச் சுருட்டுகள் இன்னும் உங்கள் அலுமாரியில் இருக்கின்றன.

இலையின் எண்ணெய் வெளியே வந்து படிகமாவதுதான் புளூம் என்று சொல்லி விற்கிறார்கள். கல்முனையில் மாரி மழைக்குள் மூடிக்கிடந்த மரப்பெட்டியில் வந்த வெள்ளை பூஞ்சணம்தான். அது புள்ளி புள்ளியாக, பஞ்சு போலப் படரும். துடைத்தால் போகும், ஈரம் குறையாவிட்டால் திரும்ப வரும். மேலே மட்டும் இருந்தால் உலர்ந்த மென்துணியால் துடைத்துவிடலாம். பற்றவைக்கும் நுனியில், வெட்டுமுகத்து இலைகளுக்கு இடையில் வெள்ளை தெரிந்தால் அந்தச் சுருட்டை எறிந்துவிடுங்கள்.

துளைக்குக் காரணம் புகையிலை வண்டு. 2, 3 மில்லிமீற்றர் நீளம், செம்பழுப்பு நிறம். அடுக்களையில் மிளகாய்த்தூள், மல்லிப் போத்தல்களில் ஊர்வதும் பெரும்பாலும் இதே இனம்தான். கண்ணுக்குத் தெரியாத முட்டை இலையோடு வந்துவிடும், வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் விரைவாகப் பொரிக்கும். நம் கரையோர வீடுகளில் அலுமாரிக்குள் 28, 30 பாகை சாதாரணம். பெட்டியில் எந்த ஆண்டு எழுதியிருந்தாலும் வண்டுக்குக் கணக்கில்லை.

துளை விழுந்த இரண்டையும் அகற்றுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டிப் பாருங்கள். தூள் கொட்டினால் அதற்குள்ளும் புழு இருக்கிறது. தப்பியவற்றை வாயை அழுத்தி மூடும் இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் காற்றை வெளியேற்றிப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் ஐந்து நாள், மீண்டும் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். நேரடியாக உறைபெட்டிக்குள் போட்டாலும், நேரடியாக வெளியே எடுத்தாலும் மேலிலை வெடிக்கும். இடையில் கரண்ட் நின்று உறைபெட்டி இளகினால் ஐந்து நாளையும் முதலிலிருந்து எண்ணுங்கள். குளிர் வண்டைக் கொல்லும், பூஞ்சணத்தைக் கொல்லாது. ஆகவே அந்த மரப்பெட்டியில் திரும்ப வைக்க வேண்டாம்.

அலங்கார மரப்பெட்டிகளில் பல, உலர்ந்த குளிர்நாட்டுக்காகச் செய்தவை. அங்கே ஈரத்தைச் சேர்க்க வேண்டும், இங்கே வாடைக் காலத்தில் ஈரத்தைத் தடுக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் பகலில் காற்று வறண்டு மேலிலை உதிரும். இரண்டுக்கும் பொருந்துவது றப்பர் வளையம் போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியும், ஈரம் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் வெளிவிடும் இருவழி ஈரப்பதப் பொதியும்தான். 65 அல்லது 69 வீதம் என்று எழுதிய 60 கிராம் பொதி ஒன்று 25 சுருட்டுக்குப் போதும். ஈரமானி வாங்கினால் அதை நம்புவதற்கு முன் சோதியுங்கள். போத்தல் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, கரையாமல் களியாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சிறிய டப்பாவில் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அது எப்போதும் ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று கொள்ளுங்கள்.

முதல் சுருட்டு கசந்து ஒரு பக்கமாக எரிந்ததற்கும் ஈரமே காரணமாக இருந்திருக்கலாம். 75 வீதத்துக்கு மேல் ஈரம் குடித்த உள்ளிலை ஒழுங்காகப் பற்றாது. அணைந்து அணைந்து திரும்பப் பற்றவைக்க நேரும், அப்போது கசப்பு ஏறும்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். சுருட்டில் மூன்று இலைதான் உண்டு: உள்ளிலை, அதைப் பிடித்து நிறுத்தும் கட்டிலை, வெளியே சுற்றும் மேலிலை. எந்தச் சொல்லைக் கண்டாலும் ‘இது எந்த இலையைப் பற்றியது?’ என்று கேளுங்கள். உங்கள் பெட்டியில் ஒன்றுகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. என் கோபம் அதில்தான்.

கியூபாவில் 1960-இல் சுருட்டுத் தொழில் அரசுடைமையானது, 1962 பெப்ரவரியில் அமெரிக்காவின் வணிகத் தடை வந்தது. வெளியேறியவர்கள் விதையை டொமினிக்கன் குடியரசு, ஹொண்டுராஸ், நிக்கரகுவா என்று கொண்டுபோய் நட்டார்கள். அதனால் ‘கியூபா விதை’ பொய்யில்லை. ஆனால் அது கியூபா இலையும் இல்லை. அம்பாறை வயலில் விளையும் விதைநெல்லைப் பதுளை மலையில் விதைத்தால் அதே சோறா கிடைக்கும்? மண்ணும் வெயிலும்தான் இலையை ஆக்குகின்றன. இதே வரலாற்றால்தான் மொன்டெகிறிஸ்டோ, பார்ட்டகாஸ், ரோமியோ இ ஜூலியேட்டா என்ற பெயர்களில் கியூபாச் சுருட்டும் உண்டு, வேறு நிறுவனத்தின் டொமினிக்கன் சுருட்டும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் இங்கே தவறிவிடுவார்.

மதுரோ என்றால் கறுத்த மேலிலை. தடித்த இலையைக் குவித்து, சூட்டிலும் ஈரத்திலும் நீண்ட நாள் புளிக்க வைத்தால் அந்த நிறம் வரும். அவசரக்காரர்கள் சாயமும் பூசுவார்கள். நனைத்த வெள்ளைத் திசுவால் மெல்லத் தேய்த்தால் இளம் பழுப்பு ஒட்டுவது இயல்பு, கறுப்பாகவே ஒட்டினால் சந்தேகப்படுங்கள். ‘ட்ரிப்பிள்’ என்பதற்கு மூன்று இலையும் மதுரோ என்று பொருள் சொல்வார்கள், அதை அளந்து சான்று தரும் சபை எதுவும் இல்லை. நிறத்துக்கும் காரத்துக்கும் தொடர்பு குறைவு. காரம் வருவது செடியின் உச்சியில் வெயில் குடித்த லிஹேரோ இலையிலிருந்து.

‘2014’ எதன் ஆண்டு? பறித்த ஆண்டா, சுற்றிய ஆண்டா, மேலிலைக்கு மட்டுமா? கியூபாவின் வரையறுத்த வெளியீடுகள் 2000-இல் தொடங்கியபோது மேலிலைதான் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர வேண்டும் என்றிருந்தது. 2007 முதல் அது மூன்று இலைக்கும் விதியானது. இப்படி விதியைச் சொன்னால் ஆண்டுக்குப் பொருள் உண்டு, சொல்லாவிட்டால் அது வெறும் எண். ‘417/5000’ பெட்டிகளின் எண்ணிக்கை. பெட்டிக்குப் பத்து என்றால் 50,000 சுருட்டு. அடுத்த ஆண்டு சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டியின் நிறத்தை மாற்றி இன்னும் 5,000 பெட்டி போட எவரும் தடையில்லை.

‘93 புள்ளி’யைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1992-இல் அமெரிக்காவில் ‘சிகார் அஃபிசியனாடோ’ இதழ் தொடங்கியதிலிருந்து நூற்றுக்கு இத்தனை என்று சுருட்டுக்கும் புள்ளி போடுவது பெருவழக்கானது. புள்ளி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் கிடைத்தது. அதே பெயரில் தடிப்பு மாறினால் இலைகளின் விகிதம் மாறும், சுவையும் மாறும். யார், எந்த ஆண்டில், எந்த அளவுக்குக் கொடுத்த 93 என்று பெட்டியில் இல்லையென்றால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ரிங் என்பது அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு. 60 ரிங் என்றால் கிட்டத்தட்ட 24 மில்லிமீற்றர் விட்டம். ‘கொரோனா’ என்ற பழைய சுருட்டு வகையின் அளவு 42 ரிங். ஒரே நீளத்தில் 42-லிருந்து 60-க்குப் போனால் உள்ளிலை இரண்டு மடங்காகும், மேலிலையோ ஒன்றரை மடங்குகூட ஆகாது. மூன்று இலையிலும் விலை கூடியது மேலிலைதான். தடித்த சுருட்டில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது மலிவான பங்கு.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு 27-ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கிறது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுக்கிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் இந்தப் பெட்டியே விளம்பரமாகிவிடுகிறது. இத்தகைய பெட்டிகளின் ஆகப் பெரிய ஏமாற்று ‘கையால் சுற்றிய இயற்கை இலை’ என்று சொல்லி அது சிகரட் போலக் கெடுதல் இல்லை என்று நினைக்க வைப்பது. ஒரு சிகரட்டில் ஒரு கிராம் புகையிலைகூட இருக்காது. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து அப்படியே உண்டு. வெற்றிலையோடு புகையிலையும் போடுகிற நம் ஊரில் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

கடைக்கு இன்னொரு முறை எழுதுங்கள். துளையையும் வெள்ளையையும் பெட்டியின் அடியில் உள்ள முத்திரையையும் பகலொளியில் படம் பிடித்து, வாங்கிய பற்றுச்சீட்டோடு அனுப்புங்கள். மூன்று இலையும் எந்த நாடு, சுற்றிய மாதம் எது, உள்ளே நீள இலையா துண்டு இலையா, ஆலையில் உறையவைத்தார்களா என்ற நான்கை மட்டும் கேளுங்கள். இங்குள்ள கடையாக இருந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். தோகாக் கடையை அது எட்டாது. அதனால் கடிதத்தை விற்றவருக்கு மட்டுமல்லாமல், பெட்டியில் பெயர் போட்டிருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.