ப்ளோயர் நின்றால் மோட்டாரை அப்புறம் பார்க்கலாம்

லாரிப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏனுங்க, எங்களுது பத்துச் சக்கர லாரி. ஈரோட்டில் மஞ்சள் ஏற்றிக்கொண்டு டிசம்பரில் டில்லிக்குப் போன வண்டி, நாக்பூர் தாண்டியதும் கேபினுக்குள் காற்றை ஊதுகிற ஹீட்டர் ப்ளோயர் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஒரு மாதமாகவே ப்ளோயர் சுவிட்சின் நாலாம் நம்பரில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, மூன்றில் காற்றே வராது. டிரைவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் ஒரு பட்டறையில் "மோட்டார் போச்சு" என்று புதுசு போட்டார்கள், அதுவும் இரண்டே நாள் ஓடி நின்றுவிட்டது. பியூஸ் போகவில்லை. இன்னொரு மோட்டார் வாங்கட்டுமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: வாங்காதீங்க. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, "நாலில் மட்டும் ஓடியது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான்.

மோட்டார் கெட்டிருந்தால் அதற்கு நாலு என்ன, ஒன்று என்ன? எல்லா நம்பரிலும்தானே மக்கர் பண்ண வேண்டும். ஒன்று முதல் மூன்று வரை கரண்ட் நேராக மோட்டாருக்குப் போவதில்லை, நடுவில் ரெசிஸ்டர் என்று ஒரு சின்னச் சாமான் வழியாகப் போகிறது. கையகலத் தட்டில் பேனா ஸ்பிரிங் மாதிரி இரண்டு மூன்று கம்பிச் சுருள்கள் இருக்கும், அவ்வளவுதான். சுருள் கூடக் கூட வேகம் குறையும். நாலாம் நம்பரில் சுருளே குறுக்கே வராது, முழு கரண்டும் நேராகப் போய்விடும். ரெசிஸ்டர் அளவுக்கு மேல் சூடானால் அதிலேயே இருக்கிற சூட்டுப் பியூஸ் விட்டுப்போய், ஒன்று, இரண்டு, மூன்று செத்து நாலு மட்டும் உயிரோடு இருக்கும். உங்கள் வண்டியில் முதல் மாதம் நடந்தது இதுதான்.

அப்புறம் நாலும் ஏன் நின்றது? ஒரு மாதம் முழுக்க டிரைவர் நாலிலேயே ஓட்டியிருக்கிறார். சுருளைத் தொடாவிட்டாலும் அந்த முழு கரண்டும் ரெசிஸ்டர் சாக்கெட்டின் ஒரே பின் (செருகுகிற உலோக முனை) வழியாகப் போகும்போது, அந்தப் பின் சாக்கெட்டில் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், சூடாகும், சூடானால் இன்னும் தளரும். பாசஞ்சர் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ரெசிஸ்டர் சாக்கெட்டை உருவிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் காப்பிக் கலரில் உருகி, அந்தப் பின்னும் கருத்துப்போய், மூக்கருகே கொண்டு போனால் தீய்ந்த வாடை அடிக்கும் என்று நினைக்கிறேன். புது மோட்டார் மாட்டும்போது இந்த வயரையெல்லாம் இழுத்து அசைத்திருப்பார்கள், அந்தப் பின் மறுபடி ஒட்டிக்கொண்டது, இரண்டு நாள் ஓடியது. மோட்டார் மேல் பழி, காசு உங்களுது.

நான் சொல்கிறேன் என்று அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துவிடுங்கள். முதலில் பியூஸ். கண்ணால் பார்த்து நல்லா இருக்கு என்று விடாமல், சாவியைப் போட்டு, கரண்ட் வருகிறதா என்று காட்டுகிற டெஸ்ட் லாம்பைப் பியூஸின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் எரிய வேண்டும். அடுத்தது மோட்டாருக்குப் போகிற சாக்கெட். இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். நிறைய வண்டிகளில் ப்ளோயர் சுவிட்ச் எர்த் பக்கம், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற பக்கம் இருக்கும். சாவி போட்டாலே மோட்டாரின் ஒரு முனையில் கரண்ட் வந்து நிற்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் கொடுக்கும். லாம்பின் ஒரு வயரை வண்டி பாடியில் வைத்துவிட்டு "கரண்ட் வருது, அப்போ மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்பு எழுதுவது அதனால்தான் தப்பாகிறது. லாம்பை மோட்டார் சாக்கெட்டின் இரண்டு பின்னுக்கும் குறுக்கே போடுங்கள்.

இன்னொன்று. சின்ன டெஸ்ட் லாம்பு கொஞ்சம் கரண்டுதான் இழுக்கும், பாதி தீய்ந்த இணைப்பிலும் ஜம்மென்று எரிந்து காட்டும். பழைய 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். 70 வாட் பல்பு கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும், சுவிட்சை நாலில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தால் வயரிங்கில் பெரிய குறை இல்லை, மோட்டாரைப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தீய்ந்திருக்கிறது.

ரெசிஸ்டர் மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சாக்கெட்டையே மாட்டினால் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டி வரும். இரண்டையும் மாற்றுங்கள். கருத்த வயரைச் செம்பு பளபளவென்று தெரிகிற இடம் வரைக்கும் வெட்டி, அதே கனத்தில் வயர் சேருங்கள். சோதனைக்குத் தவிர மற்றபடி பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பிவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி விடாது.

சரி, ரெசிஸ்டர் ஏன் சூடானது? அது காற்றுக் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருப்பது ப்ளோயர் காற்றிலேயே ஆறுவதற்குத்தான். காற்று அடைத்தால் ஆறாது. மஞ்சள் லோடு ஏற்றுகிற வண்டி வேறு, கேபின் ஃபில்டர் இருந்தால் கழற்றிப் பாருங்கள், மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். கழற்றிய பழைய மோட்டார் கையில் இருந்தால் சுற்றிப் பாருங்கள். விரலால் தட்டினால் நாலு சுற்று சுற்றி நிற்க வேண்டும், இறுக்கிப் பிடித்தால் அதுவும் அதிகக் கரண்ட் இழுத்திருக்கும். மக்காச்சோளம் ஏற்றுகிற ஒரு வண்டியில் நான் ப்ளோயரைக் கழற்றியபோது விசிறிக் கூண்டுக்குள் தேங்காய் நாரும் பில் காகிதமுமாக எலி பிரசவத்துக்கே இடம் பார்த்து வைத்திருந்தது. அந்த மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றி விடிகாலையில் திம்பம் இறங்குகிறேன். ப்ளோயர் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, டாஷ்போர்டில் ஒரு குத்து விட்டால் ஓடும். ஓடாத நாளில் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. துண்டால் துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது.
– டிரைவர், சத்தியமங்கலம்

பதில்: 27 கொண்டை ஊசி வளைவில் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை துண்டிலுமா? வேண்டாமுங்க. குத்தினால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் மோட்டாருக்குள் கார்பன் (சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற சின்னக் கட்டி) தேய்ந்திருக்கும். தேய்ந்த கார்பன் சுற்றுகிற பாகத்தைச் சரியாகத் தொடாது, அதிர்வில் கொஞ்சம் தொட்டதும் ஓட ஆரம்பிக்கும். உங்களுக்கு மோட்டார்தான், சங்ககிரிக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. கார்பன் தனியாகக் கிடைத்து, கழற்றி மாட்டத் தெரிந்த கை இருந்தால் மாற்றலாம், இல்லையென்றால் மோட்டாரையே மாற்றிவிடுங்கள். குத்துக்கு ஓடுவது இன்னும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

கண்ணாடியில் படிவது உள்ளே நீங்கள் விடுகிற மூச்சில் இருக்கிற ஈரம்தான். அதனால் அதுவரைக்கும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரற்கடை இறக்கி வையுங்கள், குளிரும், ஆனால் தெரியும். வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி லீவரை வையுங்கள், உள்காற்றையே சுற்ற விட்டால் பனி கூடும். மழைக்குக் கண்ணாடியில் புகையிலை தேய்க்கிற வித்தை வெளிப்பக்கத்துக்கு, உள்ளே தேய்த்துத் தும்மிக்கொண்டு வளைவு திரும்பாதீர்கள்.

கேள்வி: லாரியில் ப்ளோயர் போய்விட்டதால் கார் ஃபேன் ஒன்றை ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்து ஓட்டுகிறோம். பியூஸ் இல்லை. தப்பா?
– நாமக்கல் வாசகர்

பதில்: இரண்டு தப்பு. லாரிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடர்ச்சியாக மாட்டி 24 ஆக்கியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மட்டும் தினமும் உறிஞ்சினால் அது பாதியாகவும் மற்றது நிறைந்தும் கிடக்கும், சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், நிறைந்தது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும், குறைந்தது நிறையவே நிறையாது. ஆறு மாதத்தில் ஜோடியாக மாற்றிவிட்டு பேட்டரி கம்பெனியைத் திட்டுவீர்கள். 24 வோல்ட் ஃபேனே வாங்குங்கள், அல்லது 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் போடுங்கள்.

பியூஸ் இல்லாதது அதைவிட மோசம். அந்த வயர் தாங்குகிற ஆம்பியருக்குள் பியூஸ் போடுங்கள், 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பச்சை கையில் இருக்கிறது என்று நீலம் போட வேண்டிய இடத்தில் செருகினால் பியூஸுக்குப் பதில் வயர் எரியும். அந்த வயருக்குப் பக்கத்தில்தான் உங்கள் படுக்கையும் போர்வையும் கிடக்கிறது.

கேள்வி: வீட்டுக்காரர் காஷ்மீர் லைன் ஓட்டுகிறார், ஆப்பிள் ஏற்றி வருவார். ஹீட்டர் வேலை செய்யவில்லை, அதனால் ராத்திரி கேபினுக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதாகப் போனில் சொன்னார். பயமாக இருக்கிறது.
– திருச்செங்கோடு வாசகி

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் அம்மணி, இன்றைக்கே போன் போடுங்கள். மூடின கேபினில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, புகை மாதிரி கண்ணும் எரியாது. தலைவலி, மயக்கம் வந்தாலும் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்வார், எழுந்திருக்கவே மாட்டார். கேஸ் அடுப்பும் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது.

நம்ம நாமக்கல் வழியாகப் போகிற 44-ஆம் நம்பர் ரோட்டின் மறுமுனைதான் ஸ்ரீநகர், ஆனால் அந்தக் குளிருக்கு நம்ம ஊர்ப் போர்வை போதாது. தடியான ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஒன்றும் கம்பளி சாக்ஸும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுப்பு மூட்டினால் கீழே இறங்கி வெளியே, சோறாக்கி முடித்துத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். ஹீட்டரில் முதலில் பியூஸ், அப்புறம் ரெசிஸ்டர் சாக்கெட். மேலே சங்ககிரிக்காரருக்கு எழுதியதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.