விடுதியிலிருந்து காணாமல் போன மாணவர்: ஊர் சொல்லும் காரணங்களை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: என் அக்கா மகனுக்கு வயது 20. கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று நடத்தும் கல்லூரியில், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் விடுதியில் தங்கிப் படித்துவந்தான். பத்து மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு நண்பனின் அறையிலிருந்து தன் அறைக்குக் கிளம்பியவன் போய்ச் சேரவில்லை. காவல் நிலையத்தில் ‘காணவில்லை’ என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. பக்கத்துக் கல்குவாரிக் குழியில் விழுந்திருப்பான் என்கிறார்கள் சிலர். பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்கிறார்கள் சிலர். ஃபாதர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றும் பேச்சு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியிலும் இப்படியே நடந்ததாகக் கேள்விப்பட்டோம். எதை நம்புவது? இனி என்ன செய்ய முடியும்?
(பர்கூர் அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பத்து மாதம் ஆகிவிட்டதால் வழக்கு முடிந்துவிட்டது என்று யாராவது உங்கள் அக்காவிடம் சொல்லியிருந்தால், அது சரியல்ல என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். எதை நம்புவது என்ற கேள்வியை மட்டும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன். நான் கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் என்னிடம் வரும்போது, ஒவ்வொரு காரணத்தையும் நம்பச் சொல்வதில்லை, ஒதுக்கவும் சொல்வதில்லை. அது உண்மையானால் எங்கே தடயம் இருக்கும், அந்தத் தடயம் இன்று யார் கையில் இருக்கிறது, எந்த நாளோடு அது அழிந்துபோகும் என்ற மூன்றையும் தாளில் எழுதச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் அமெரிக்க வழக்கு மினசோட்டா மாநிலத்தின் காலேஜ்வில் என்ற ஊரில், பெனடிக்ட் சபைத் துறவிகள் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். 2002 நவம்பர் 9 அன்று நள்ளிரவை ஒட்டி, நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்த 20 வயது மாணவர் எழுந்து வெளியே போனார். அவர் அறைக்குச் சில நிமிட நடைதான்; வழியில் ஏரியும் சிறு பாலமும் உண்டு. அவருடைய காரும் மூக்குக் கண்ணாடியும் அப்படியே இருந்தன, அவரை மட்டும் காணவில்லை. ஏரியில் விழுந்திருப்பார் என்று முதலில் கருதப்பட்டது. முக்குளிப்பவர்கள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அதே ஆண்டு அந்த மடத்தின் மீதான பாலியல் முறைகேட்டுப் புகார்கள் பகிரங்கமாகியிருந்ததால் சிலருடைய சந்தேகம் துறவிகள் பக்கம் திரும்பியது. அவருடைய கணினியை ஆராய்ந்தபோது, இணையத்தில் அறிமுகமான யாரையோ சந்திக்கப் போயிருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. யார் மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

அந்த வழக்கையும் உங்கள் வழக்கையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்று சொல்வதற்குத் தண்ணீரே போதிய காரணம். நவம்பர் மாத மினசோட்டா ஏரியின் குளிரில் உடல் அழுகுவது மிக மெதுவாக நடக்கும்; வாயு உண்டாகாததால் உடல் மாதக்கணக்கில் அடியிலேயே கிடக்கலாம். நம் ஊர் வெயிலில் ஏரியிலோ கிணற்றிலோ மூழ்கிய உடல் பெரும்பாலும் சில நாட்களில் மிதந்துவிடும். ஆனால் கைவிடப்பட்ட கருங்கல் குவாரிகள் ஆழமானவை. அடித் தண்ணீர் சில்லென்று இருக்கும், பாறை இடுக்கும் முள்ளும் கம்பியும் உடலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே குவாரிக் கருத்தை எளிதாக ஒதுக்க முடியாது, அதை முழுமையாகச் சோதித்து முடிக்கவும் முடியும். தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் எந்த நாளில், எந்தக் குழியில், எவ்வளவு ஆழம் வரை தேடினார்கள் என்ற அறிக்கை வழக்குக் கோப்பில் இருக்கிறதா என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். இல்லையென்றால், கோடையில் தண்ணீர் இறங்கும்போது மீண்டும் தேடவும் தேவைப்பட்டால் மோட்டார் வைத்து இறைக்கவும் உத்தரவிடக் கோரி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

பெங்களூருக்குப் போய்விட்டான் என்பது உண்மையானால் அது பதிவுகளில் தெரியும். தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு விவரப் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம். அன்றிரவு அவன் கைப்பேசி கடைசியாக எந்தக் கோபுரத்தில் பதிவானது, அதே கைப்பேசியில் பிறகு வேறு சிம் போடப்பட்டதா, வங்கிக் கணக்கிலும் ஜிபேயிலும் கடைசிப் பரிவர்த்தனை எது, மின்னஞ்சல் கணக்கு எப்போது கடைசியாகத் திறக்கப்பட்டது ஆகியவற்றைக் காவல்துறைதான் பெற முடியும். பெற்றார்களா என்று கேட்பது குடும்பத்தின் உரிமை. கண்காணிப்புக் கேமராவின் நிலை வேறு. விடுதிகளில் பழைய காட்சிகளின் மேல் புதியவை பதிவாக ஒரு மாதம்கூட ஆவதில்லை. அன்றைய வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) கைப்பற்றப்பட்டதா என்று மட்டும் கேளுங்கள். கைப்பற்றப்பட்டிருந்தால் தடய அறிவியல் துறை மூலம் சில நேரம் மீட்கவும் முடியும்.

ஃபாதர்கள் மறைக்கிறார்கள் என்ற பேச்சைப் பற்றிக் கவனமாகவே சொல்ல விரும்புகிறேன். நிர்வாகம் புகார் கொடுக்க எத்தனை மணி நேரம் தாமதித்தது, விடுதி வருகைப் பதிவேட்டில் அன்றிரவு என்ன எழுதப்பட்டது, காவலாளி யார், அறையைக் காவல்துறை பார்க்கும் முன்பே காலி செய்தார்களா என்பவை நியாயமான கேள்விகள். அங்கி அணிந்தவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் பரப்புவது வேறு. காலேஜ்வில் இருக்கும் அதே ஸ்டெர்ன்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி), சில மைல் தள்ளி, 1989இல் 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். 2010இல் கடத்தல் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் வசித்த ஒருவர் விசாரணைக்குரியவர் என்று வெளிப்படையாகச் சுட்டப்பட்டார். 2016இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு உடல் கிடைத்தபோது, 2010இல் சுட்டப்பட்டவர் நிரபராதி என்று தெரிந்தது. குற்றவாளியோ தொடக்கத்திலேயே விசாரிக்கப்பட்டு விடப்பட்டவன். நம் ஊரிலும் இப்படி ஒரு தவறான பெயர் கிளம்பினால், ஒரு மனிதர் பாழாவதோடு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறு வழக்கு உங்கள் மீதே திரும்பும். அதற்கு அலையும் நேரத்தில் மற்ற தடயங்கள் அழிந்துகொண்டிருக்கும்.

சட்ட வழி இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 193ஆம் பிரிவின்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லையென்றால், அதைச் சுட்டி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகும் அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ஆட்கொணர்வு மனு (ஒருவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனு) தாக்கல் செய்யலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் மதுரைக் கிளைக்கு அல்ல, சென்னைக்கே உட்பட்டவை. சட்டவிரோதமாக யாரும் அடைத்து வைத்ததற்கு அறிகுறி இல்லையென்று நீதிமன்றம் அந்த மனுவை முடித்து வைக்கவும் கூடும், ஆனால் காவல்துறை அங்கே நிலை அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிவரும். பல குடும்பங்களுக்கு முதல் தெளிவு அந்த அறிக்கையில்தான் கிடைத்திருக்கிறது. ஏழு ஆண்டு கழித்து இறந்ததாகக் கருதும் சட்ட விதியை இப்போதே யாராவது சொன்னால், அது பிற்காலத்துச் சொத்து விஷயங்களுக்கானது. தேடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மிகவும் தவறவிடப்படுவது அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியல். இதைக் கேட்பது உங்கள் அக்காவுக்குக் கடினமாக இருக்கும், நீங்கள் செய்யுங்கள். நம் மாவட்டம் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் தொட்டுக் கிடக்கிறது. அத்திப்பள்ளியிலோ குப்பத்திலோ கிடைத்த உடல் நம் காவல் நிலையத்தின் காதுக்கு வராமலே புதைக்கப்பட்டிருக்கலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்குப் பயணிகள் ரயில் இல்லாததால் தண்டவாளத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை; ஆனால் ஓசூர், மொரப்பூர், ஜோலார்பேட்டை பக்கம் தண்டவாளத்தில் கிடைக்கும் உடல்களை ரயில்வே காவல்துறை தனியாகப் பதிவு செய்கிறது. அங்கேயும் போய்க் கேளுங்கள்.

அந்தப் பதிவுகள் எப்படி இருக்கும் தெரியுமா? “சுமார் 20 முதல் 25 வயது மதிக்கத்தக்க ஆண், நீல நிறச் சட்டை, இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு” என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிய இரண்டு வரிகள் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் முதல் தகவல் அறிக்கையில் சட்டையின் நிறம் மட்டும் இருந்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. ஆகவே ஒரு மாலை அக்காவோடு உட்கார்ந்து, தடுப்பூசித் தழும்பு, அடைத்த பல், சிறு வயதில் உடைந்த எலும்பு, கழுத்தில் உத்தரியம் (கத்தோலிக்கர் கயிற்றில் கோத்து அணியும் சிறு புனிதத் துணி) போட்டிருந்தானா, அது எந்த நிறக் கயிற்றில் கோத்தது என்பதையெல்லாம் கேட்டு எழுதி, கூடுதல் வாக்குமூலமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு அவருடைய இரத்த மாதிரியை எடுக்க வேண்டும் என்றும் அதே மனுவில் கேளுங்கள். உத்தரியத்தின் முடிச்சைப் போட்டது யார் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கும். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.