காட்டுக் கரடிகளைச் சிறு படகில் போய்ப் படமெடுக்க எந்த மாதம் சரி, என்ன லென்ஸ் வேண்டும்?

லென்ஸை விட மாதமும் கடலின் ஏற்றவற்றமும்தான் முக்கியம். இரண்டும் பொருந்தினால் 100-400 மி.மீ. ஜூம் போதும். பொருந்தாவிட்டால் 600 இருந்தும் புல்லுக்கு மேலே முதுகு மட்டுமே கிடைக்கும்.

இதற்குப் பேர்போன இரண்டு இடங்களைச் சொல்கிறேன். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காக் கடற்கரையில் பெரிய படகிலேயே தங்கி, ரப்பர் படகில் போய்க் கரையிறங்கலாம். கனடாவில் பிரின்ஸ் ரூபர்ட்டுக்கு வடகிழக்கே, 1994 முதல் கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடிகளின் சரணாலயமாக இருக்கும் குட்ஸிமட்டீனில் படகில் இருந்தபடியே பார்ப்பதுதான் முறை.

ஜூனில் இரண்டு இடத்திலும் கரடிகள் கழிமுகத்துக் கோரையை மேயும். சால்மன் பிடிக்கும் படம் வேண்டுமானால் கட்மாய்க்கு ஆகஸ்டில் போங்கள். அந்தச் சமயம் குட்ஸிமட்டீனில் கரடிகள் பெரும்பாலும் மீனைத் தேடி ஆற்றோடு உள்ளே போய்விடும். படகால் பின்தொடர முடியாது.

இனி ஏற்றவற்றம். கழிமுகத்தில் நீர் வற்றினால் படகு கீழே இறங்கிவிடும். சேற்றுக்கரை சுவர் போல மறைக்கும். நீர் ஏறி நிற்கும்போதுதான் கேமராவும் கரடியின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். கட்மாயின் ஹாலோ பே போன்ற இடங்களில் நிலைமை நேர்மாறு: வற்றத்தில்தான் கரடி மணல்வெளிக்கு வந்து மட்டி தோண்டும். அப்போது ரப்பர் படகைக் கரையோரம் விட்டுப் போனால், திரும்பி வரும்போது அது தரை தட்டிக் கிடக்கும். ஆளில்லாத ரப்பர் படகைக் கரடி கடித்துக் கிழிப்பதும் உண்டு. ஆகவே படகை ஆழத்தில் நங்கூரமிடுவார்களா, ஆள் காவல் இருப்பாரா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒரு ரப்பர் படகில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நெரிசலாக இருந்தால் பாதிப்பேருக்கு அடுத்தவர் தோள்தான் தெரியும்.

படகில் டிரைபாட் உதவாது. லென்ஸைப் படகின் விளிம்பில் சாய்க்கவும் வேண்டாம், இன்ஜின் அதிர்வு படத்தில் இறங்கும். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, கரடி ஓடினாலோ உடலை உதறினாலோ 1/2000. மேகமூட்டம்தான் அங்கே வழக்கம் என்பதால் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 1600, 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். கரையில் கூட்டமாக, தாழ்வாக உட்காருங்கள். தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க முடியாது.

கட்மாய் விதிப்படி கரடியை 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நெருங்கக்கூடாது. தூரத்தை மட்டும் பார்க்காமல் கரடியின் முகத்தையும் பாருங்கள். மேய்வதை நிறுத்தி உங்களையே பார்க்கிறதா, வாயோரம் எச்சில் ஒழுகுகிறதா, கொட்டாவி விடுகிறதா? பலர் ஆசையாக எடுக்கும் அந்தக் கொட்டாவி பெரும்பாலும் பதற்றத்தின் அடையாளம். அப்போது பின்வாங்காத படகோட்டியோடு போகவே வேண்டாம்; கரடி அந்த மேய்ச்சலை விட்டுப் போனால் நஷ்டம் அதற்குத்தான்.

குளிரிலிருந்து சூடான கேபினுக்குள் போகும் முன், கேமராவை வெளியிலேயே பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். உள்ளே சில மணி நேரம் கழித்துத் திறந்தால் லென்ஸில் ஈரம் படியாது. மெமரி கார்டை மட்டும் முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.