மெட்டல் வாசிக்க கீபோர்டு: கேள்வி பதில்

கேள்வி: எந்த வாத்தியமும் தெரியாது. மெட்டல் (ஹெவி மெட்டல்) இசைக்கு 61 கீ போதுமா, 88 வேண்டுமா?

போதும். 61 கீயில் ஐந்து ஆக்டேவ் (ஒரு ச முதல் அடுத்த மேல் ச வரை ஒரு ஆக்டேவ்) இருக்கிறது. குழுவோடு வாசிக்கும்போது அதைத் தாண்டுவது அபூர்வம். மெதுவாகத் தொட்டால் சின்ன ஒலியும் அழுத்தினால் பெரிய ஒலியும் வருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, கிடார்காரர்கள் வாசிக்கும் பவர் கார்டை கீபோர்டில் அப்படியே வாசிக்கிறேன். சப்பென்று இருக்கிறது. தங்கை கிடாரில் வாசித்தால் மட்டும் சுவர் அதிர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பவர் கார்டில் இருப்பது இரண்டே சுரங்கள்: மூல சுரமும், சுர வரிசையில் அதிலிருந்து எண்ணினால் ஐந்தாவதாக வரும் சுரமும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்ட கிடாரில் அந்த வரிசையின் மூன்றாவது சுரத்தையும் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு கார்டு மேஜரா (வெளிச்சமான ஒலி) மைனரா (துக்கமான ஒலி) என்று சொல்வதே அந்த மூன்றாவது சுரம்தான். கிடார் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். அதையே திருப்பி வாசித்தால் யாருக்கும் கேட்காது.

இன்றே செய்து பாருங்கள். தங்கையை இ பவர் கார்டை அடித்து நீளமாக ஒலிக்க விடச் சொல்லுங்கள். அதில் இ, பி (E, B என்ற மேற்கத்திய சுரங்கள்) இரண்டும் இருக்கும். ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற) ஒலியை வைத்துக்கொண்டு, நடு சி-க்கு (கீபோர்டின் நடுவிலுள்ள சி) மேலே உள்ள ஜி-யை மட்டும் ஒரு விரலால் அழுத்துங்கள். துக்கம் வந்து உட்காரும். அப்புறம் பக்கத்திலுள்ள கறுப்புக் கீ, ஜி ஷார்ப். அதே கிடார் சட்டென்று வெளிச்சமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: நடு சி-க்குக் கீழே இறங்காதீர்கள். அங்கே பேஸ் கிடாரும் சாதாரண கிடாரும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன.

கேள்வி: 76 கீ வாங்கலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: வேகமான சோலோ வாசிக்க எத்தனை மாதம் ஆகும்?

மாதத்தை எண்ணாதீர்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். இ மைனர் ஸ்கேலை (சுர வரிசையை) வலது கையில் இ, எஃப் ஷார்ப், ஜி என்று முதல் மூன்று விரல்களால் ஏறுங்கள். அடுத்த ஏ-வுக்குக் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைய வேண்டும். எல்லோரும் தடுக்குவது அந்த ஒரு இடத்தில்தான். முழங்கை தூக்காமல், தாளம் பிசகாமல் அது நடந்தால் 64-க்குப் போங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். வலியோடு பழகினால் தேறிவிடும் என்பது பொய்.

கேள்வி: உண்மையான மெட்டலில் கீபோர்டே கிடையாது. எதற்கு இதைச் சொல்லித் தருகிறீர்கள்?

ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தவர். டீப் பர்ப்பிள் குழுவில் கிடாருக்குச் சமமாக மோதினார். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அதே நண்பர்: அது ஹார்ட் ராக். மெட்டல் இல்லை.

சரி, பெயரில் சண்டை வேண்டாம். நார்வேயின் எம்பரர் குழு 1994-இல் வெளியிட்ட முதல் முழு ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிளாக் மெட்டல் (மெட்டலில் ஒரு வகை) என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள். அதில் கீபோர்டை எடுத்துவிட்டால் அந்தக் குளிரே போய்விடும்.

இன்னொருவர்: ஆனால் நிறைய குழுக்களில் கீபோர்டு வெறும் பூச்சுதானே?

உண்மை. எல்லா இடத்திலும் ஸ்ட்ரிங்ஸைப் பரப்பி வைத்தால் பாட்டு மழுங்கிவிடும். எட்டு பார் (தாளச் சுற்று) சும்மா இருந்துவிட்டு ஒன்பதாவதில் நுழையும் கீபோர்டுதான் காதில் நிற்கும். கை கட்டி நிற்கவும் பழக வேண்டும். நடு சி-க்குக் கீழ் இறங்காதீர்கள் என்பதையும் மறுபடி சொல்கிறேன்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றிருக்கிறேன். உதவுமா?

நிறையவே. நடபைரவியின் சுரங்கள்தான் இயல்பு மைனர் ஸ்கேல், கீரவாணியின் சுரங்கள்தான் ஹார்மோனிக் மைனர். மெட்டலில் இரண்டும் தினமும் வரும். கமகத்துக்கு, இருந்தால், சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடது கையில் பழகுங்கள்.

கேள்வி: கிடார் டிராப் டி-யில் (தடித்த தந்தியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கிய சுருதி) இருக்கிறது. சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிடலாமா?

வேண்டாம். டி மைனரைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 61 கீ உண்மையிலேயே போதுமா?

போதும். இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அக்கா, பவர் கார்டு கேட்டவன் நான்தான். ஜி-யிலிருந்து ஜி ஷார்ப் போனதும் தங்கை வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து?

அருமை! இப்போது எஃப் ஷார்ப்பில் தொடங்குங்கள். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, தொங்கிக்கொண்டே இருக்கும். அங்கே நான்கு எண்ணிக்கை நின்றுவிட்டு ஜி-க்கு ஏறுங்கள். எவ்வளவு நேரம் தொங்க விடலாம் என்று தங்கையையே கேளுங்கள்.