ரோஸ்டர் ஞாயிறு இரவு வந்தால் படிப்பது எப்போது?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஜூரோங்கில் ஒரு துணிக்கடையில் பகுதிநேர வேலையும் பார்க்கிறாள். தேர்வு நெருங்கும்போதும் மேலாளர் விடுப்பு தர மறுக்கிறார். "நானே கடைக்குப் போய்ப் பேசட்டுமா, இல்லை வேலையை விடச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அம்மா வந்து பேசினால் அந்தக் கடையில் அவளுக்கு இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். பேச வேண்டியவள் அவள்தான். என்ன பேசுவது என்று சொல்கிறேன், நீங்கள் தைரியம் கொடுங்கள்.

முதலில் அவளோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு யூனிட்டுக்கு வாரம் இரண்டரை மணி நேர உழைப்பு என்று வைத்துத்தான் பாடங்களை அமைக்கிறார்கள். வகுப்பு, டுட்டோரியல், வீட்டில் படிப்பது எல்லாம் அதில் அடக்கம். 4 யூனிட் பாடம் ஒன்றுக்கு 10 மணி நேரம். ஐந்து பாடம் எடுத்தால் 50. கடையில் வாரம் 24 மணி நேரம் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 74. முழுநேர ஊழியருக்கே சட்டம் சொல்வது பொதுவாக வாரம் 44 மணி நேரம்தான். அவள் மதிப்பெண் குறைந்ததற்குச் செல்போனைக் குறை சொல்லாதீர்கள், பாவம்.

வெளிநாட்டு மாணவர்கள் பாடக்காலத்தில் வாரம் 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று மனிதவள அமைச்சு வரம்பு வைத்திருக்கிறது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் நான் எல்லா மாணவர்களுக்கும் அதையே உச்ச அளவாகச் சொல்வேன். ஐந்து பாடம் எடுக்கும் உங்கள் மகளுக்கு 12 போதும். மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை நீண்ட விடுமுறை, அப்போது வேண்டுமானால் முழுநேரமாகச் செய்யட்டும்.

சரி, மேலாளர் விஷயம். ஞாயிறு இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ரோஸ்டரை, அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணையை, படம் எடுத்துப் போடுகிறார், திங்கள் காலை ஷிஃப்ட் அதில்தான் தெரிகிறது என்கிறீர்கள். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வாரம் 24 மணி நேர வேலையைக்கூட, எந்தெந்த நாள் என்று முன்கூட்டித் தெரிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். எப்போது கூப்பிடுவார் என்றே தெரியாதபோது வாரம் 8 மணி நேர வேலைகூடப் படிப்பைக் கெடுத்துவிடும். அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தீபாவளி, நவம்பர் 11 தள்ளுபடி, கிறிஸ்துமஸ் என்று கடைக்கு ஆள் அதிகம் வேண்டிய காலமும் நவம்பர் கடைசியில் தொடங்கும் தேர்வும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முந்தைய வாரம் போய் விடுப்புக் கேட்டால் எந்த மேலாளரும் முகம் சுளிப்பார். தேர்வுத் தேதி வந்த அன்றே சொல்லிவிட வேண்டும்.

வாயால் மட்டும் சொன்னால் பிறகு "நீ சொல்லவே இல்லையே" என்பார்கள். எழுத்தில் இருக்கட்டும். குரூப்பில் வேண்டாம், மேலாளருக்குத் தனியாக. ஆங்கிலத்தில் அனுப்பட்டும், சாரம் இப்படி இருந்தால் போதும்: "நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து தேர்வு முடியும் வரை சனிக்கிழமை மட்டும் வர முடியும். மற்ற வாரங்களில் வெள்ளி மாலை, சனி, ஞாயிறு வருகிறேன். டிசம்பரில் தேர்வு முடிந்ததும் கூடுதல் ஷிஃப்ட் எடுக்கத் தயார். ரோஸ்டரை ஒரு வாரம் முன்பே தந்தால் உதவியாக இருக்கும்." மன்னிப்புக் கேட்கும் தொனி இதில் வேண்டாம். முடியாது என்பதோடு எப்போது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்வதால், அவருக்கும் ஒத்துக்கொள்ள ஒரு வழி கிடைக்கும்.

அனுப்புவதற்கு முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேலை நேரம், சம்பளம் உள்ளிட்ட முக்கிய விவரங்களை, வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முதலாளி எழுத்தில் தர வேண்டும். பகுதிநேர ஊழியருக்கும் இது உண்டு. சம்பளச் சீட்டும் தர வேண்டும். கொடுக்கவே இல்லை என்றால் அதையும் கேட்கட்டும். கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மேலாளர் மிரட்டியதாக எழுதியிருந்தீர்கள். நினைத்தபடி பிடிக்க முடியாது. தவறு அவளுடையதுதானா என்று விசாரித்து, அவள் விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தினமும் வந்த நேரம், போன நேரத்தை அவள் தன் கைப்பேசியில் குறித்து வைக்கட்டும். சம்பளத் தகராறு என்று வந்தால் 'டாடெம்' (TADM) எனப்படும், அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு அமைப்பிடம் போகலாம். வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் எதற்காக வேலை செய்கிறாள்? கைச்செலவுக்கு என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். வீட்டுச் செலவைப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் தானே சுமக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படியானால் அந்தச் சம்பளத்தை எப்படி ஈடுகட்டுவது என்று பேசாமல் வேலையை விடச் சொல்வதில் பயனில்லை. பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் விசாரியுங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசாங்க உதவிநிதி உண்டு. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் கேட்டுப் பாருங்கள். கல்விக் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. வளாகத்துக்குள்ளேயே மாணவர்களுக்கு வேலை உண்டு. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, தேர்வு எப்போது என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, பயண நேரமும் மிச்சம்.

அந்தச் செய்தியை அனுப்பி இரண்டு ரோஸ்டர் பார்க்கட்டும். மாற்றம் இல்லை என்றால், அப்புறம் தயங்க வேண்டாம், விட்டுவிடலாம். அரைகுறையாக நின்றுவிடாமல் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். இல்லாவிட்டால், 26 வாரத்துக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் வேலை பார்த்தவருக்கு ஒரு வாரம். முன்னறிவிப்புக் காலம் முழுவதும் வேலை பார்த்தால் கடைசி நாளன்றே பாக்கிச் சம்பளம் கைக்கு வர வேண்டும். தேர்வுக்கு முந்தைய படிப்பு வாரம் தொடங்குமுன் இதெல்லாம் முடிந்துவிட்டால் நல்லது, அதனால் இந்த வாரமே செய்தியை அனுப்பச் சொல்லுங்கள்.