தலையில் நாய்க்கடி: கையில் போட்ட ஊசி மட்டும் போதாது

கேள்வி: சென்ற ஞாயிற்றுக்கிழமை, தெருவில் திரிந்த குட்டி நாய் ஒன்று என் ஐந்து வயது மகனைத் தலையில் கடித்துவிட்டது. சின்னக் காயம்தான், ஆனால் ரத்தம் நிறைய வந்தது. மஞ்சளும் காபித்தூளும் வைத்து அழுத்தினோம். அன்றே கையில் தடுப்பூசி போட்டார்கள். புதன்கிழமை இரண்டாவதும் ஆயிற்று. குட்டியைக் காணவில்லை. நேற்று மாலை அவன் தண்ணீர் வேண்டாம் என்றான். இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கடித்த இடத்தில் முடி முளைக்குமா? மீன் கொடுக்கலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முடியையும் மீனையும் பிறகு பார்ப்போம் அம்மா. காயத்துக்குள் ஊசி போட்டார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போடவில்லை என்றால் இதைப் படித்த கையோடு பையனை அழைத்துக்கொண்டு கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே மருந்து இல்லை என்றால் புதுச்சேரி ஜிப்மருக்குப் போங்கள்.

கையில் போடுவது தடுப்பூசி. அதைக் கொண்டு உடல் எதிர்ப்புச் சக்தியைத் தானே உருவாக்க ஒரு வாரமாவது ஆகும். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் கிருமியோ நரம்பு வழியாக மூளைக்குப் போவது. காலில் கடித்தால் அதற்கு நெடுந்தூரம். தலையில் நரம்புகளும் அதிகம், மூளையும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இடைவெளியைக் காப்பதற்குத்தான் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் நிலை எதிர்ப்பு மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறோம். பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டால் அது மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகைக் கடி. காயம் கடுகளவு என்றாலும், கடித்தது குட்டி என்றாலும் இந்த மருந்து கட்டாயம். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் போட வேண்டும். உங்கள் கணக்கில் அது வரும் ஞாயிறு. ஆனால் அதுவரை காத்திருக்காமல் இன்றே போங்கள். ஏழு நாள் கடந்துவிட்டால் இது தேவைப்படாது, உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தி வரத் தொடங்கியிருக்கும். அப்படிக் கடந்தவர்கள் பதறாமல் மீதித் தடுப்பூசிகளை முடிக்க வேண்டும்.

இன்னொன்று. தலைக்காயத்தை முடி மறைத்துவிடும். கடிக்கும் வாய்க்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் உண்டு. நீங்கள் பார்த்தது ஒரு பல் தடமாக இருக்கலாம். முடியை ஈரப் பஞ்சால் விலக்கி, நல்ல வெளிச்சத்தில் காதுக்குப் பின்புறம் வரை பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை தடம் உண்டோ அத்தனையிலும் மருந்து இறங்க வேண்டும். மண்டைத் தோல் இறுக்கமானது, ஊசி வலிக்கும், பிள்ளை கத்துவான். அழுகிறானே என்று பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பவுடர் எதையும் நாய்க்கடியில் வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதலுதவி. ஒட்டியிருக்கும் தூளை இப்போதாவது சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.

தண்ணீர் வேண்டாம் என்றது ரேபிஸ் அல்ல. அறிகுறி தெரியப் பொதுவாகச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகும். தலைக்கடியில் அது குறையலாம், நான்கே நாளில் வந்துவிடாது. ரோஸ்மில்க் கொடுத்திருந்தால் குடித்திருப்பான். இணையத்தை மூடிவையுங்கள்.

ரத்தம் கொட்டியது தலையில் ரத்தக்குழாய்கள் அதிகம் என்பதால். அதனாலேயே புண்ணும் சீக்கிரம் ஆறும். முடி முளைக்கும், தழும்பின் மேல் மட்டும் சற்றுக் குறையலாம். மீன் தாராளமாகக் கொடுங்கள், பத்தியம் எதுவும் இல்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலமும் போய்விட்டது.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, வீங்கிச் சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே காட்டுங்கள். வாந்தியும் அசதித் தூக்கமும் சேர்ந்தால் இரவென்றும் பார்க்க வேண்டாம். சிறு பிள்ளையின் மண்டை எலும்பு மெல்லியது, பல் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் கேட்பார்கள்.

போகும்போது ஊசிச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடுப்பூசி ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஊசி, முதல் ஊசியிலிருந்து 28ஆம் நாள். புண் ஆறிவிட்டதே என்று அந்தக் கடைசி ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.